பெரியவர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை

என் அப்பா கெரார்ட் லோவன் போன நவம்பரில் இறந்தார். எழுபத்தைந்து வயது. மாரடைப்பு. தானிய உலர்த்திகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். எங்கள் மெனோனைட் சபையில் முப்பத்தோரு வருடம் டீக்கனாக, பாஸ்டருக்கு உதவியாக, இருந்தார். அடக்கத்தன்று பேசிய எல்லோரும் புதன்கிழமைக் கூட்டத்தைப் பற்றியே பேசினார்கள். பேசியதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதனால்தான் விட்டுப்போனதை எழுதுகிறேன்.

புதன்கிழமைக் கூட்டத்தை அப்பா 1985இல் தொடங்கினார். அதற்கு முன் எங்கள் ஊரில் அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கென்று சபை செய்தது ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் பாஸ்டர் அவர்கள் தங்கியிருந்த விடுதிக்குப் போவார். ஆளுக்கு ஓர் ஆரஞ்சு கொடுப்பார். தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வருவார். தடவிக்கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு ஐம்பது வயது.

அப்பா அவர்களைச் சபையின் நிலவறைக்கு அழைத்து வந்து சூப் வைத்தார். காய் நறுக்குவது, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது எல்லாம் அவர்கள் வேலை. பிறகு வேதாகமத்திலிருந்து ஒரு கதை. அதை அப்பா சொல்ல மாட்டார். எல்லோரும் சேர்ந்து நடித்துக் காட்டுவார்கள். பதினான்கு பேர் வந்தார்கள். எங்கள் சபை, லூத்தரன், கத்தோலிக்கர், எதிலும் சேராதவர்கள் என்று கலந்திருந்தார்கள்.

அவர்களில் ஹென்றி ஃபால்க் என்று ஒருவன். லூத்தரன். அப்போது இருபத்திரண்டு வயது, ஆறடிக்கு மேல் உயரம். ஒரு புதன்கிழமை பக்கத்தில் இருந்தவனின் வாயில் குத்தி ஒரு பல்லை உடைத்துவிட்டான். ஹென்றியின் அம்மா ஓடி வந்து, அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் கடவுள் அனுப்பிய தேவதூதன் என்று அழுதார்.

“தேவதூதன் எதுக்கு அடுத்தவன் பல்லை உடைக்கணும்?” என்றார் அப்பா. “ஹென்றி மனுஷன்ம்மா. கோபம் வந்துச்சு, அடிச்சான். மனுஷன்னா மன்னிப்புக் கேட்கணும்.”

மூன்று நாள் சாயங்காலம் ஹென்றியைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பல் போனவனின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் ஹென்றி கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவனை நிறுத்த முடியவில்லை. கடையில் பில் போடும் பெண்ணிடம், தபால்காரரிடம், எங்கள் நாயிடம், எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான்.

சில வருடம் கழித்து ஹென்றியின் அம்மா இறந்தார். அடக்கம் முடிந்தபின் அவனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று உறவினர்கள் முடிவு செய்திருந்தார்கள். அப்பா அவனை விடுதியிலிருந்து நேராகக் கூட்டி வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். கல்லறையில் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். ஹென்றி அதைத் திருப்பித் தரவில்லை. பாதிக் குழியை அவனே மூடினான். எல்லோரும் குளிரில் நின்று காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு சுற்று வட்டாரத்தில் இப்படிப்பட்ட வீடுகளில் சாவு என்றால் முதல் போன் அப்பாவுக்குத்தான் வந்தது. வின்னிபெக் நகரிலிருந்து வேதக் கல்லூரி மாணவர்கள் அவர் கூட்டத்தைப் பார்க்க வருவார்கள். நோட்டுப் புத்தகத்தோடு நிற்பவர்களிடம் அப்பா கத்தியைக் கொடுத்து, முதலில் வெங்காயம் நறுக்குங்கள் என்பார்.

அவருக்கு ஒரு தங்கை. லீஸா அத்தை. 1957இல் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர். அப்பாவின் அம்மா 1983இல் இறந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது, அவருக்கு இருபத்தாறு. சபை நடத்திய பழைய துணிக் கடையில் வாரம் மூன்று நாள் பட்டன்களை நிறம் பிரித்துப் போடும் வேலை அவருக்கு. வெரெனிக்கிக் கொழுக்கட்டை செய்யும் நாளில் மாவை மடித்து ஓரத்தை அழுத்துவதில் என் அம்மாவைவிடக் கெட்டிக்காரர். இரவு ஜெபத்தில் முப்பது, முப்பத்தைந்து பேரின் பெயரைச் சொல்லுவார். வரிசை மாறாது. இடையில் நாயின் பெயரும் வரும். நடுவில் யாராவது இருமினால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சபை சேர்ந்து அப்பம் உண்ணும் திருவிருந்தில் தனக்கும் அப்பம் வேண்டும்.

எங்கள் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. வயது வந்து, தானே கேட்டு, தன் வாயால் ஆம் என்று சொன்னவருக்கு மட்டும்தான். இந்த ஒரு விஷயத்துக்காக நானூறு, ஐந்நூறு வருடத்துக்கு முன் எங்கள் ஆட்களை ஆற்றில் அமுக்கிக் கொன்றார்கள். ஞானஸ்நானம் எடுத்தவருக்கே திருவிருந்து. அப்பத் தட்டு வரிசையில் கைமாறி வரும்போது, லீஸா அத்தைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் அவர் மடிக்கு மேலாகக் கையை நீட்டி அந்தப் பக்கம் இருப்பவரிடம் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் நான் கொடுத்து அப்பா வாங்குவார். லீஸா அத்தை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். தட்டு போகும் திசையில் தலை திரும்பும்.

ஆராதனை முடிந்து வண்டியில் ஏறியதும் அப்பாவிடம் கேட்பார். அவருக்கு அப்பா கெர்ட்தான்.

“கெர்ட், எனக்கு எப்போ?”

“அடுத்த வருஷம்.”

“ஏன் இந்த வருஷம் இல்ல?”

“பெரியவங்க இன்னும் ஒத்துக்கல. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

இதில் ஹென்றி வேறு. லூத்தரன் என்பதால் அவனுக்குக் கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பம் வாங்கியதைப் புதன்கிழமை வந்து சொல்லுவான். “நான் சாப்பிட்டேன். உனக்குக் கிடையாது.” லீஸா அத்தை அசர மாட்டார். “எங்க கெர்ட் கேட்டிருக்கான். எனக்குப் பெரிய துண்டா வரும்.”

ஈஸ்டர் முடிந்து ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே ஞாயிற்றில் ஞானஸ்நானம் நடக்கும். பாஸ்டர் இரண்டு கையையும் குவித்து, முழங்காலிட்டவரின் தலைக்கு மேலே பிடிப்பார். டீக்கன் ஜாடியிலிருந்து அந்தக் கைகளில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுவது அப்பா. ஜாடியில் தண்ணீர் நிரப்புவது லீஸா அத்தை. வீட்டுக் குழாயில் பிடித்து, ஒரு துணியால் மூடி, வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். இருபத்தைந்து வருடம் ஊரில் எல்லோருடைய தலையிலும் விழுந்த தண்ணீர் அவர் பிடித்தது.

1994இல் அது என் தலையில் விழுந்தது. எனக்கு இருபது வயது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். ஞானஸ்நானத்துக்கான வினாவிடையை மனப்பாடம் செய்திருந்தேன். கேட்டபோது ஒரு வார்த்தையும் தடுமாறவில்லை. வீட்டுக்கு வந்ததும் லீஸா அத்தை என் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்து, “அடுத்தது நான்” என்றார். ஆமாம் என்றேன். அப்பா வருடா வருடம் கேட்கிறார், இந்தக் கிழட்டு மனிதர்கள் மறுக்கிறார்கள் என்றுதான் நானும் நம்பினேன். அன்று அப்போதைய பாஸ்டர் ஜேக்கப் ஹார்டருக்குக் கை கொடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். பிறகு பதினைந்து வருடம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் மின்பொறியியல் படித்து வின்னிபெக்கில் வேலைக்குப் போனேன். 2001இல் அம்மா இறந்தார். அப்பாவும் லீஸா அத்தையும் தனியாக இருந்தார்கள். மாதம் இரண்டு ஞாயிறு ஊருக்குப் போவேன்.

2008 இலையுதிர்காலத்தில் புதிய பாஸ்டர் வந்தார். ஐரீன் பெர்கன், நாற்பது வயதுப் பெண். முதல் ஞாயிறு காபி நேரத்தில் லீஸா அத்தை நேராக அவரிடம் போனார்.

“நீ பெரியவங்களா?”

“ஒரு விதத்துல ஆமா.”

“அப்ப ஒத்துக்கோ.”

எதற்கு என்று ஐரீன் கேட்டார். லீஸா அத்தை விளக்கினார். காபி ஆறிப்போகும்வரை ஐரீன் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாடம் எடுக்க என்று பெயர். அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வியாழன் நானும் இருந்தேன்.

இயேசு யார் என்று கேட்டார் ஐரீன்.

“என்னைத் தெரிஞ்சவர்.”

“எப்படித் தெரியும்?”

“பேர் சொல்லிக் கூப்பிடுவார். கெர்ட் மாதிரி. ஆனா அவசரப்படுத்த மாட்டார்.”

பாவம் என்றால் என்ன என்று கேட்டதும் லீஸா அத்தை எழுந்து போய்த் தன் அறையிலிருந்து மூன்று சிவப்புப் பட்டன் கொண்டு வந்து மேஜையில் வைத்தார். கடையிலிருந்து எடுத்தவை. அழகாக இருந்ததால் எடுத்தேன் என்றார். மறுநாள் அவரே போய்த் திருப்பிக் கொடுத்தார். என் வினாவிடை ஞாபகம் வந்தது. எனக்கு யாரும் பட்டனைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த வியாழக்கிழமைகளில் அப்பா பட்டறையில் இருந்துவிடுவார். ஐரீன் அவரிடம் இதைச் சபைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டபோது, ஜெபம் பண்ணுவோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஞானஸ்நானத்துக்கு யாரைச் சேர்ப்பது என்பதை எங்கள் சபையில் அங்கத்தினர் கூட்டம் முடிவு செய்யும். கை தூக்கி எண்ணுவது கிடையாது. தலைவர் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மௌனமாக இருப்பார். யாராவது எழுந்து “எனக்கு இதில் சமாதானம் இல்லை” என்றால் விஷயம் அப்படியே நின்றுவிடும். காரணம் கேட்கக் கூடாது. அவருக்குச் சமாதானம் வரும்வரை காத்திருக்க வேண்டும். யாரும் லேசில் இதைச் சொல்ல மாட்டார்கள். அதற்கு முன் கடைசியாகச் சொல்லப்பட்டது 1988இல், நிலவறைக்குப் போடவிருந்த ஆரஞ்சு நிறக் கம்பளத்தை எதிர்த்து.

2009 பிப்ரவரியில் கூட்டம். ஆராதனைக்குப் பிறகு நிலவறையிலேயே சாப்பாடு. பன்றித் தொத்திறைச்சி, பன், ஊறுகாய். பிறகு மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தோம். எழுபது பேர் இருக்கும். அங்கத்தினர் அல்லாதவர்கள் வெளியே போக வேண்டும். லீஸா அத்தை சமையலறையில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாத்திரம் கொடுக்கும் ஜன்னலின் கதவை யாரும் மூடவில்லை.

ஐரீன் எழுந்து லீஸா அத்தையின் பெயரைச் சொன்னார். ஐந்து மாதமாகப் பேசியதைச் சொன்னார். பழைய கூட்டக் குறிப்புகளையெல்லாம் பார்த்ததாகவும், இப்படி ஒருவருக்காக யாரும் கேட்டதாகப் பதிவே இல்லை என்றும் சொன்னார். அது நம் எல்லோருடைய குற்றம் என்றார்.

நான் எழுந்தேன். யோசிக்கவில்லை.

“பாஸ்டர், தப்பு. எங்க அப்பா வருஷா வருஷம் கேட்டிருக்கார். இருபத்தஞ்சு வருஷமா. ஒத்துக்காதது இங்க உட்கார்ந்திருக்கிறவங்க.”

 முன் வரிசையில் ஜேக்கப் ஹார்டர் இருந்தார். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“வெர்னா, கெரார்ட் எங்கிட்ட ஒரு தடவைகூடக் கேட்டதில்லம்மா.” அதோடு விடவில்லை. “கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனான்னு தெரியல. குடுக்காமலும் இருந்திருப்பேன். ஆனா கேட்கல.”

நான் அப்பாவைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரை எனக்கு அப்படித்தான் தெரியும்.

“எனக்கு இதுல சமாதானம் இல்ல” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் காகிதத்தை மடித்தார். விஷயம் முடிந்தது. அப்போது சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு லீஸா அத்தை வந்தார். தோளில் ஈரத் துண்டு. அவர் எவ்வளவு கேட்டார், எவ்வளவு புரிந்தது, எனக்குத் தெரியாது. தன் பெயர் சொல்லப்பட்டதை மட்டும் கேட்டிருக்கிறார். நேராக அப்பாவின் முன்னால் போய் நின்றார்.

“கெர்ட், பெரியவங்க ஒத்துக்கிட்டாங்களா?”

எழுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இன்னும் இல்ல லீஸா” என்றார் அப்பா. “அடுத்த வருஷம்.”

லீஸா அத்தை திரும்பி எங்களைப் பார்த்தார். கோபமாக அல்ல. முடியாது என்று சொன்னவர்கள் இவர்கள்தான் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஐரீன் வாயைத் திறந்து மூடினார். ஜேக்கப் ஹார்டர் தலை குனிந்துகொண்டார். அங்கே உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை. அப்பாவை இரண்டாம் முறை எல்லோர் முன்பும் அவமானப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். அப்போது நினைத்தது அதுதான். லீஸா அத்தையை நினைக்கவில்லை.

அன்று மாலை பட்டறைக்குப் போனேன். உலர்த்தி விசிறியின் மோட்டாரைக் கழற்றிப் போட்டிருந்தார்.

“ஏன் பொய் சொன்னீங்க?”

கையிலிருந்த போல்ட்டை இறுக்கி முடித்துவிட்டுத்தான் பேசினார். லீஸா பிறந்தபோது தன் அம்மா எட்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை என்றார். யார் செய்த பாவம் என்று ஊர் பேசியது. அப்போதைய மூப்பர் வந்து பாட்டியின் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னாராம், இந்தப் பிள்ளையைப் பற்றி நீ கவலையே பட வேண்டாம், இவளுக்கு நல்லது கெட்டது என்ற பொறுப்பு கிடையாது, உன் வீட்டில் நிச்சயமாகப் பரலோகம் போகிறவள் இவள் ஒருத்திதான் என்று. பாட்டி அன்று எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். சாகும்வரை அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். சாகும் நாளில் அதைக் காப்பாற்றச் சொல்லி அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

“ஞானஸ்நானம் எடுத்தா பொறுப்பு வந்துடும். நாளைக்கு அவ தவறினா அது அவ தலைமேல. ஏற்கெனவே உள்ள இருக்கிறவளை வெளிய கூட்டிட்டு வந்து, வாசல் வழியா வான்னு சொல்லணுமா?”

“ஹென்றிக்கு மட்டும் பொறுப்பு இருக்கா? மனுஷன்னா மன்னிப்புக் கேட்கணும்னு சொன்னது யாரு?”

“ஹென்றி என் தங்கச்சி இல்ல.”

“அவங்க பரலோகம் கேட்கல அப்பா. ரொட்டி கேட்டாங்க. மத்தவங்களோட உட்கார்ந்து.”

அடுத்த போல்ட்டை எடுத்தார். பிறகு, நீ, நான், உன் அம்மா, நம்மில் யாரைப் பற்றியும் தனக்கு நிச்சயம் கிடையாது என்றார். ஒருத்தியைப் பற்றியாவது இருக்கட்டுமே என்றார். கம்ப்ரஸரைப் போட்டார். அதன் சத்தத்தில் பேச முடியாது.

என் வேலை மின்பாதைகளின் பாதுகாப்பு ரிலே, கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி. கோளாறு வருவதற்கு முன்பே கம்பியைத் துண்டித்துவிடும்படி அதை அமைத்துவிட்டால் விபத்தே நடக்காது. ஊருக்கு மின்சாரமும் போகாது. அப்படி அமைக்கிறவனை நாங்கள் வேலையை விட்டு எடுத்துவிடுவோம்.

அடுத்த வருடக் கூட்டத்திலும் அப்பாவுக்குச் சமாதானம் வரவில்லை. அதற்குள் லீஸா அத்தைக்கு மறதி தொடங்கியிருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஐம்பதுக்கு மேல் அது சகஜம் என்றார் மருத்துவர். பட்டன்களின் நிறம் குழம்பியது. ஜெபத்தில் பெயர்கள் குறைந்துகொண்டே வந்தன. முப்பத்தைந்து, இருபது, ஒன்பது. 2010 டிசம்பரில் ஒரு நாள் என் பெயர் வரவில்லை. பிறகு ஒரு நாள் அப்பாவின் பெயரும் வரவில்லை. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

2011 பிப்ரவரிக் கூட்டத்தில் அப்பா எழுந்து, தனக்குச் சமாதானம் வந்துவிட்டது என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அந்த வருடம் பெந்தெகொஸ்தே ஜூன் பன்னிரண்டு. நான்கு இளைஞர்களும் லீஸா அத்தையும். அவர் முழங்காலிட முடியாது என்று நாற்காலி போட்டிருந்தார்கள். காலையில் வீட்டில் ஜாடியை அவர் கையில் கொடுத்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவே தண்ணீர் பிடித்தார்.

நான்கு பேருக்கும் முடிந்தது. ஐரீன் நாற்காலிக்கு முன்னால் குனிந்து, லீஸா என்று கூப்பிட்டார். லீஸா அத்தை ஜாடியைப் பார்த்தார். அது மட்டும் எப்படியோ ஞாபகம் இருந்தது.

“யாருக்கு?” என்றார்.

“உங்களுக்குத்தான் லீஸா. இன்னிக்கு உங்களுக்கு. வேணுமா?”

லீஸா அத்தை இரண்டு கையையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு இல்ல. எனக்கு அடுத்த வருஷம்.”

ஐரீன் மறுபடி கேட்டார். மெதுவாக, கண்ணைப் பார்த்து. மறுபடியும் அதே பதில். மூன்றாம் முறை கேட்டபோது லீஸா அத்தைக்குப் பயம் வந்துவிட்டது. செய்யக் கூடாததைச் செய்யச் சொல்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். “பெரியவங்க திட்டுவாங்க” என்று அழ ஆரம்பித்தார்.

“ஊத்திடலாம் பாஸ்டர்” என்றார் அப்பா. ஜாடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். “அவளுக்குப் புரியல. ஊத்திடலாம்.”

ஐரீன் குவித்த கைகளைப் பிரித்தார். “அவங்க வேண்டாங்கறாங்க கெரார்ட்” என்றார். எங்களுக்கு இருக்கும் ஒரே விதி அதுதான். தன் வாயால் ஆம் என்று சொல்லாதவர் மேல் நாங்கள் தண்ணீர் ஊற்றுவதில்லை. அந்த விதிக்காக லீஸா அத்தையின் வார்த்தையை முதல் முறையாக ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அது எனக்கு அப்போது கொடூரமாக இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. ஐரீன் செய்தது சரி என்றும் தெரிகிறது.

அந்த வாரமே அப்பா டீக்கன் பொறுப்பிலிருந்து விலகினார். புதன்கிழமைக் கூட்டத்தை மட்டும் விடவில்லை.

லீஸா அத்தை 2012 பிப்ரவரியில் நிமோனியாவில் இறந்தார். ஐம்பத்து நான்கு வயது. கடைசி மூன்று மாதம் அப்பாதான் ஊட்டினார், குளிப்பாட்டினார், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்தார். ஆள் வைக்கலாம் என்றதற்கு மறுத்துவிட்டார். உடம்பில் ஒரு புண் வரவில்லை.

எங்கள் அடக்கங்களில் குடும்பத்தில் ஒருவர் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிக்க வேண்டும். அதற்கு ஒரு வரிசை உண்டு. பிறந்த தேதி, ஞானஸ்நானம், திருமணம், பிள்ளைகள், மரணம். அப்பாவே எழுதியிருந்தார், அவரே வாசித்தார். பிறந்த தேதியைச் சொன்னார். பிறகு காகிதத்தை இறக்கிவிட்டுப் பேசினார். லீஸா இருபத்தெட்டு வருடம் ஞானஸ்நானம் கேட்டாள், பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் சொல்லிவந்தேன், பெரியவர்களிடம் நான் கேட்கவே இல்லை, அவள் உங்கள்மேல் மனத்தாங்கலோடு போயிருந்தால் அதற்குக் காரணம் நான், என்னை மன்னியுங்கள் என்றார். இத்தனையையும் குரல் உடையாமல் சொன்னார்.

சபை அழுதது. ஹென்றி ஃபால்க் சத்தமாக அழுதான். பிறகு நிலவறையில் காபி, பன், சீஸ். ஒவ்வொருவராக வந்து அப்பாவின் தோளைப் பிடித்தார்கள். எவ்வளவு தாழ்மை என்றார்கள். இவ்வளவு தைரியம் யாருக்கு வரும் என்றார்கள். ஒரு பெண்மணி என்னிடம், உன் அப்பாவைப் பார்த்துத்தான் நாங்கள் கிறிஸ்தவர்களாக இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். எழுபது பேரும் மன்னித்துவிட்டார்கள். அந்தப் பொய்யால் அவர்களுக்கு ஒரு துண்டு ரொட்டிகூடக் குறையவில்லை. மன்னிப்பது சுலபம்.

நான் அவரை வண்டியில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ரோட்டில் பனிப்புழுதி தாழ்வாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இலகுவாக இருந்தார். பல வருடத்துக்குப் பிறகு அப்படிப் பார்த்தேன்.

“இதை அவங்ககிட்ட சொன்னீங்களா அப்பா?”

“யார்கிட்ட?”

“லீஸா அத்தைகிட்ட. பெரியவங்க இல்ல, நான்தான்னு. அவங்க நல்லா இருந்தப்போ. இல்ல, இந்த மூணு மாசத்துல ஒரு நாளாவது.”

கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் துடைத்தார். ஹென்றிக்காக மூன்று நாள் அடுத்தவன் வாசலில் உட்கார்ந்திருந்த மனிதர்.

“சொன்னா அவளுக்குப் புரிஞ்சிருக்காது வெர்னா” என்றார்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். உள்ளே வரச் சொன்னார். வேலை இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் ஞாயிறுதோறும் போன் செய்தேன். ஒரு ஞாயிறும் தவறவில்லை. பனி எவ்வளவு, கோதுமையில் ஈரம் எவ்வளவு, மருந்து சாப்பிட்டாரா. நன்றாகத்தான் பேசிக்கொண்டோம்.